விமானத்தின் முன்பகுதியில் ஊற்றப்படும் ஷாம்பெயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசினஸ் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ ஏறி உட்கார்ந்ததும் தட்டில் வைத்து நீட்டப்படும் ஷாம்பெயின் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகள் இவை. மெனு அட்டையில் அச்சாகியிருக்கும் பெயர் பாதி விஷயம்தான். பாட்டில் எத்தனை டிகிரியில் இருந்தது, திறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று, எந்தக் கிளாஸில் எப்படி ஊற்றினார்கள் என்பதெல்லாம் மீதிப் பாதி. நல்ல பெயருள்ள ஷாம்பெயின் இந்த மீதிப் பாதியில்தான் பெரும்பாலும் வீணாகிறது.

தட்டில் வருவது உண்மையிலேயே ஷாம்பெயின்தானா?

நீண்ட தூரப் பயணங்களில் பெரும்பாலும் ஆம். குறுகிய தூர பிசினஸ் வகுப்பில் இத்தாலியின் புரோசெக்கோ, ஸ்பெயினின் காவா, பிரான்ஸின் மற்ற வட்டாரங்களில் செய்யப்படும் கிரெமான் ஆகிய குமிழி ஒயின்களும் வரும். அவற்றில் நல்லவை உண்டு, ஆனால் அவை ஷாம்பெயின் ஆகா. பிரான்ஸின் வடகிழக்கில் ரெய்ம்ஸ், எபர்னே நகரங்களைச் சுற்றியுள்ள ஷாம்பெயின் வட்டாரத்துத் திராட்சையில், அங்கேயே, பாட்டிலுக்குள் இரண்டாம் முறை புளிக்கவைத்துச் செய்வதற்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. சார்டொனே, பினோ நுவார், முனியே என்ற மூன்று திராட்சைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன.

உறுதிப்படுத்திக்கொள்ள இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று லேபிள். இன்னொன்று தக்கை. ஷாம்பெயின் தக்கையில், பாட்டில் கழுத்துக்குள் இருந்த பகுதியில், அந்த வட்டாரத்தின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். ஒரே ஆண்டின் அறுவடையில் செய்ததானால் அந்த ஆண்டும் சேர்ந்தே இருக்கும்.

பிசினஸ் வகுப்பு பாட்டிலுக்கும் முதல் வகுப்பு பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்?

பிசினஸ் வகுப்பில் பொதுவாக வருவது நான்-விண்டேஜ், அதாவது பல ஆண்டு ஒயின்களைக் கலந்து, ஆண்டு குறிப்பிடாமல் விற்பது. சட்டப்படி இது பாட்டிலில் குறைந்தது 15 மாதம் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் ஈஸ்ட் மண்டியோடு, அதாவது புளிக்கவைத்து முடிந்தபின் பாட்டிலுக்குள் படியும் செத்த ஈஸ்டோடு. ஒரே ஆண்டின் அறுவடையில் செய்யும் விண்டேஜுக்குக் குறைந்தது 36 மாதம். நல்ல தயாரிப்பாளர்கள் இந்த அளவுகளைத் தாண்டியே வைத்திருப்பார்கள்.

முதல் வகுப்பில் வருவது பிரெஸ்டீஜ் குவே எனப்படும், ஒவ்வொரு தயாரிப்பாளரின் உச்சப் படைப்பு. மொய்ட் ஷாந்தோனின் டாம் பெரிஞோன் விண்டேஜாக மட்டுமே வெளிவரும். க்ருக்கின் கிராந்த் குவே பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் நூற்றுக்கும் அதிகமான ஒயின்களைக் கலந்து செய்வது. அதில் ஆண்டு இருக்காது, ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பதிப்பு எண் உண்டு. லோரான் பெரியேவின் கிராண்ட் சியெக்ல் மூன்று விண்டேஜ்களின் கலவை. டைட்டாஞ்சேவின் கோந்த் த ஷாம்பெயின் முழுக்க சார்டொனே. லூயி ரோடெரரின் கிரிஸ்டால், ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்ஸாண்டருக்காக 1876இல் உருவானது. சலோன் இன்னும் அரிது. லெ மெனில் சூர் ஓஜே என்ற ஒரே ஊரின் சார்டொனேயில், நன்றாக விளைந்த ஆண்டுகளில் மட்டும் செய்வார்கள். 20ஆம் நூற்றாண்டு முழுவதிலும் நாற்பதுக்கும் குறைவான ஆண்டுகளே அவர்கள் கணக்கில் தேறின.

இந்த இரண்டு வகைக்கும் கடையில் விலை மூன்று, நான்கு மடங்கு வேறுபடும், சலோனில் அதற்கும் மேல். சுவையும் அத்தனை மடங்கு கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் நான்-விண்டேஜ், தவறாகக் கையாளப்பட்ட பிரெஸ்டீஜை எளிதாக வெல்லும்.

எந்த நிறுவனத்தில் எது கிடைக்கும்?

எமிரேட்ஸ் முதல் வகுப்பின் அடையாளமே டாம் பெரிஞோன் என்று சொல்லலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் முதல் வகுப்பில் சலோன் ஊற்றிப் பேர் வாங்கியது. கேத்தே பசிபிக் முதல் வகுப்பு நெடுங்காலம் க்ருக்கோடு இணைத்துப் பேசப்பட்டது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பல ஆண்டுகள் டாம் பெரிஞோன், க்ருக் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் கிராண்ட் சியெக்ல். ஏர் பிரான்ஸ் நீண்ட தூரப் பயணங்களில் எகானமி வகுப்புக்கும் ஷாம்பெயின் தரும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இந்தப் பட்டியலை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். ஒப்பந்தங்கள் மாறும், இருப்பு தீரும், ஒரே நிறுவனத்தின் இரண்டு வழித்தடங்களில் இரண்டு பாட்டில்கள் இருக்கும். பயண மாதத்துக்குரிய மெனுவை நிறுவனத்தின் இணையதளத்திலோ செயலியிலோ பார்த்துக்கொள்வதே சரி. இந்திய உள்நாட்டு விமானங்களில் எந்த வகுப்பிலும் மது கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். சென்னையிலிருந்து டெல்லி போய் அங்கிருந்து ஐரோப்பா செல்பவருக்கு இரண்டாம் விமானத்தில்தான் இந்தக் கேள்வியே எழும்.

வீட்டில் அருமையாக இருந்த அதே ஷாம்பெயின் விமானத்தில் ஏன் சப்பென்றும் புளிப்பாகவும் இருக்கிறது?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேருகின்றன: அழுத்தம், வறட்சி, இரைச்சல்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல வைக்கப்படுகிறது. 8,000 அடி என்றால் கடல்மட்ட அழுத்தத்தில் முக்கால் பங்கு. ஊட்டியைவிடச் சற்று உயரம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்கள் 6,000 அடி அளவிலேயே வைத்திருக்கும், அதனால் அவற்றில் நிலைமை கொஞ்சம் மேல்.

வறட்சி இதைவிடக் கடுமை. பறக்கும்போது உள்ளே ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மூக்கின் உட்சவ்வு காய்ந்துபோகும். நாம் சுவை என்று நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான். சளி பிடித்தபோது சாம்பார் எப்படிச் சப்பென்று இருக்குமோ, கிட்டத்தட்ட அதே நிலையில்தான் ஷாம்பெயினைக் குடிக்கிறோம். பழ மணமும் பூ மணமும் முதலில் மங்கும். புளிப்பை உணர்வது நாக்கு, அது மங்குவதில்லை. பழம் பின்வாங்கியதும் புளிப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரையைக் குறைத்தது போல.

லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், பழைய ஏர்பஸ் ஏ310இன் முன்பகுதியை அழுத்தத்தைக் குறைக்கக்கூடிய அறைக்குள் வைத்து இதைச் சோதித்தது. உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதமும், இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாக உணரப்பட்டது.

மூன்றாவது, இன்ஜின் இரைச்சல். 2015இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு, விமானத்துக்குள் கேட்பது போன்ற 85 டெசிபெல் இரைச்சலில் இனிப்பு மங்கி, உமாமி கூடுதலாக உணரப்படுகிறது என்று காட்டியது. உமாமி என்பது தக்காளி, காளான், உலர்ந்த மீன் ஆகியவற்றில் வரும் அந்த ஆழ்ந்த சுவை. இந்த ஒரு முடிவுதான் ஷாம்பெயின் தேர்வுக்கு நல்ல வழிகாட்டி.

அப்படியானால் உயரத்தில் எந்த வகை ஷாம்பெயின் நன்றாக நிற்கும்?

ஈஸ்ட் மண்டியோடு நீண்ட நாள் கிடந்தது. ஈஸ்ட் செத்துச் சிதையும்போது அமினோ அமிலங்கள் வெளிவரும், குளுட்டமேட் உட்பட. அதுதான் உமாமியின் மூலப்பொருள். வறுத்த ரொட்டி, பாதாம், பிஸ்கட் மணமும் அங்கிருந்தே வருகிறது. காய்ந்த மூக்கிலும் இந்த மணங்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அடுத்து இருப்பு ஒயின். முந்தைய ஆண்டுகளின் ஒயினைச் சேமித்து வைத்து நான்-விண்டேஜில் கலப்பார்கள். அது அதிகமாக இருந்தால் வயிறு நிறைந்தது போன்ற ஒரு திண்மை வரும். சார்ல்ஸ் ஹைட்ஸிக் பிரூட் ரிசர்வ் என்ற நான்-விண்டேஜில் இது பாதியை நெருங்கும், உயரத்தில் அது நன்றாக நிற்பதற்கும் அதுவே காரணம். பினோ நுவார் கூடுதலாக உள்ள கலவைகளும் இதே வரிசை.

பிறகு டோசாஜ். கடைசியில் சேர்க்கும் இனிப்பின் அளவு அது. லேபிளில் பிரூட் நாச்சூர் என்று இருந்தால் லிட்டருக்கு 3 கிராமுக்கும் கீழ், எக்ஸ்ட்ரா பிரூட் 6 கிராம் வரை, பிரூட் 12 கிராமுக்குக் கீழ், எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17 கிராம், டெமி செக் 32 முதல் 50 கிராம். தரையில் பிரூட் நாச்சூரின் கத்தி போன்ற கூர்மை பலருக்குப் பிடிக்கும். வானில் அதே கூர்மை பல்லைக் கூசவைக்கும். 7 முதல் 10 கிராம் உள்ள சாதாரண பிரூட்தான் விமானத்துக்குப் பொருத்தம். எக்ஸ்ட்ரா டிரை என்ற பெயரைப் பார்த்து இனிப்பே இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். அது பிரூட்டைவிட இனிப்பு.

முழுக்க சார்டொனேயில் செய்த, இளமையான விண்டேஜ்கள் உயரத்தில் ஏமாற்றும். பெயர் எவ்வளவு பெரியதானாலும் சரி. அதே வகை 10 ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்திருந்தால் கதை வேறு.

குமிழிகள் அதிகமாகத் தெரிகின்றனவே, பிரமையா?

பிரமை இல்லை. ஒரு பாட்டில் ஷாம்பெயினில் சுமார் 9 கிராம் கரியமில வாயு கரைந்திருக்கிறது. வெளியே விட்டால் கிட்டத்தட்ட 5 லிட்டர் வாயு. ஒரு குமிழி எவ்வளவு பெரிதாகும் என்பதைச் சுற்றியுள்ள அழுத்தமும் தீர்மானிக்கிறது. அழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்தால் அதே அளவு வாயு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே குமிழி பெருக்கும், நுரை உயரமாக எழும், வாயு சீக்கிரம் வெளியேறும். தரையில் 20 நிமிடம் உயிரோடு இருக்கும் கிளாஸ் மேலே அதற்கு முன்பே அடங்கிவிடும். சிறிது சிறிதாக ஊற்றச் சொல்வது இதனால்தான்.

எத்தனை டிகிரியில் பரிமாற வேண்டும்?

நான்-விண்டேஜுக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ். முதிர்ந்த விண்டேஜுக்கும் பிரெஸ்டீஜுக்கும் 10 முதல் 12.

விமானத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான். விமானச் சமையலறையின் குளிர்சாதன அறை 4, 5 டிகிரியில் இருக்கும், அதிலிருந்து நேராக எடுத்து ஊற்றினால் மணமே வராது. ஏற்கெனவே மங்கிய மூக்குக்கு இது இரட்டைத் தண்டனை. கிளாஸின் கிண்ணப் பகுதியை உள்ளங்கையில் பிடித்து ஐந்து நிமிடம் வைத்திருங்கள். 5 டிகிரியில் வாயே திறக்காத பிரெஸ்டீஜ், 10 டிகிரியில் பேச ஆரம்பிக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம். புறப்பாடு தாமதமாகி, வண்டிகள் ஏற்றுமேடையில் நின்றுவிட்டால் பாட்டில் வெதுவெதுப்பாகவே வரும். 20 டிகிரிப் பாட்டிலுக்குள் அழுத்தம் குளிர்ந்த பாட்டிலைவிட மிக அதிகம். திறந்ததும் நுரை பீறிடும், வாயுவில் கணிசமான பங்கு முதல் நிமிடத்திலேயே போய்விடும். அதன் பின் அதைக் குளிரவைத்துப் பயன் இல்லை.

வேகமாகக் குளிரவைக்கச் சரியான வழி, பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளி. தண்ணீர் இல்லாமல் ஐஸ் கட்டிகளில் மட்டும் புதைத்தால் கண்ணாடியைத் தொடும் பரப்பு குறைவு, நேரம் இரட்டிப்பாகும். ஐஸ் தண்ணீரில் கழுத்துவரை மூழ்கிய பாட்டில் 20, 25 நிமிடத்தில் அறை வெப்பத்திலிருந்து 8 டிகிரிப் பக்கம் வந்துவிடும். சாதாரண ஃபிரிட்ஜில் 3, 4 மணி நேரம் ஆகும். ஃபிரீசரில் வைக்காதீர்கள், மறந்துபோனால் வெடிக்கும்.

திறப்பதிலும் ஊற்றுவதிலும் கவனிக்க வேண்டியது என்ன?

தக்கையைப் பிடித்திருக்கும் கம்பியை ஆறு அரைச் சுற்று சுற்றினால் தளரும். அந்த நேரம் முதல் கட்டைவிரல் தக்கையை விட்டு அகலக்கூடாது. பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, துணியால் மூடி, தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் திருப்ப வேண்டும். தக்கை தானாக ஏறிவரும்போது அதை உள்நோக்கி அழுத்தித் தடுத்துப் பிடித்தால் பெருமூச்சு போல ஒரு சத்தம் மட்டும் வரும். அழுத்தம் குறைந்த விமானத்துக்குள் தக்கை கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு புறப்படும், ஆனால் உண்மையான ஆபத்து வெதுவெதுப்பான பாட்டில்தான்.

ஊற்றுவது பற்றி ரெய்ம்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெரார் லிஜே பெலேர் குழு 2010இல் அளந்து பார்த்தது. கிளாஸைச் சாய்த்து, பக்கச் சுவர் வழியாக பீர் ஊற்றுவது போல ஊற்றினால், நேராக நடுவில் ஊற்றுவதைவிடக் கரியமில வாயு நன்றாகத் தங்குகிறது. குளிர்ந்திருந்தால் இன்னும் நன்றாகத் தங்கும். விமானத்தில் கிளாஸ் தட்டில் நேராக நிற்பதால் இரண்டு தவணையாக ஊற்றுவதே வழி: முதலில் இரண்டு விரற்கடை, நுரை அடங்கியதும் மீதி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மணம் தங்க மேலே இடம் வேண்டும்.

ஒல்லியான புளூட் கிளாஸ் சரியா?

குமிழி வரிசையாக ஏறுவதைப் பார்க்க அழகு. குடிப்பதற்கு அவ்வளவு நல்லதில்லை. குறுகிய வாயில் கரியமில வாயு செறிந்து மூக்கைக் கடிக்கும், மணம் எழ இடம் இருக்காது. நடுவில் பருத்து, விளிம்பில் சற்றுக் குறுகிய துலிப் வடிவம் மேல். அது இல்லையென்றால் வெள்ளை ஒயினுக்குரிய கிளாஸைக் கேளுங்கள், எந்த விமானத்திலும் இருக்கும், கேட்பதில் தவறு எதுவும் இல்லை. பிரெஸ்டீஜ் ஊற்றும் வகுப்பில் இதைக் கட்டாயம் செய்யச் சொல்வோம்.

கிளாஸில் குமிழியே எழவில்லை என்றால் உடனே பாட்டிலைக் குறை சொல்லாதீர்கள். குமிழி பிறப்பது கிளாஸின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத துணி, காகித இழைகளில். வாயு அந்த இழைக்குள் அடைபட்ட காற்றைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. மிகச் சுத்தமான கிளாஸில் குமிழி குறைவாகவே இருக்கும். சோப்பும் பளபளப்பு திரவமும் கழுவலில் முழுக்கப் போகாமல் மெல்லிய படலமாகத் தங்கினால் நுரை உடனே செத்துவிடும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். நாக்கில் சுறுசுறுப்பு இருந்தால் ஷாம்பெயின் நன்றாகவே இருக்கிறது, கிளாஸை மாற்றச் சொன்னால் போதும்.

புறப்படும் முன் ஊற்றுவதும் பறக்கும்போது ஊற்றுவதும் வேறு வேறாக இருப்பது ஏன்?

சுங்க வரி. சர்வதேச விமானத்தில் ஏறும் மது வரி கட்டாத சரக்கு. சில நாடுகளில் தரையில் திறந்தால் வரி செலுத்த வேண்டியிருக்கும், சில இடங்களில் கதவு மூடும் வரை மது வண்டியின் முத்திரையை உடைக்கவே முடியாது. அதனால் தரையில் மலிவான பாட்டில், மேலே போனதும் மெனுவில் உள்ள பாட்டில். சில நாடுகளில் தரையில் பழச்சாறு மட்டும்.

மெனுவில் உள்ள பாட்டிலையே தரையில் ஊற்றினால் அந்த முதல் கிளாஸை அவசரமாகக் காலி செய்யாதீர்கள். அப்போதுதான் காற்றழுத்தம் முழுதாக இருக்கிறது, மூக்கு காயவில்லை, இன்ஜின் இரைச்சல் குறைவு. அந்தப் பயணத்தில் அந்த ஷாம்பெயினின் உண்மையான முகத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே பதினைந்து நிமிடம் அது.

பாட்டில் பழுதாகியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எல்லா ஷாம்பெயின் தக்கையும் உருளையாகவே செய்யப்படுகிறது. பாட்டில் கழுத்தில் பாதி இறுக்கப்பட்டு, பாதி வெளியே நின்று காளான் போலாகிறது. மண்டி நீக்கி, இறுதித் தக்கை போட்டு ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்தால், வெளியே எடுத்ததும் கீழ்ப்பகுதி பாவாடை போல விரிந்துகொள்ளும். பல ஆண்டுகள் கழுத்திலேயே இருந்த தக்கை மீளும் தன்மையை இழந்து, ஆணி போல ஒல்லியாக நேராக நிற்கும். இளம் பாட்டிலில் ஒல்லித் தக்கை வந்தால், அது எங்கேயோ கிடங்கில் வெகுநாள் கிடந்தது அல்லது சூட்டில் அகப்பட்டது என்று சந்தேகிக்கலாம். முதிர்ந்த பிரெஸ்டீஜில் ஒல்லித் தக்கை இயல்பு.

க்ருக் என்றால் பின் லேபிளில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் காலாண்டு, அடுத்த இரண்டு இலக்கம் மண்டி நீக்கிய ஆண்டு. 320 என்று தொடங்கினால் 2020இன் மூன்றாம் காலாண்டு.

இனி மணம். நனைந்த அட்டைப்பெட்டி, ஈரச் சாக்கு வாடை வந்தால் அது தக்கையிலிருந்து தொற்றிய பழுது. மாற்றித் தரக் கேளுங்கள், எந்தப் பணியாளரும் வருத்தப்பட மாட்டார். வெட்டிவைத்துக் கறுத்த ஆப்பிள் வாடை, பொன்னிறம் கடந்த பழுப்பு நிறம் ஆகியவை காற்றோ சூடோ பட்டதைக் காட்டும். வெந்த முட்டைக்கோஸ் வாடை வந்தால் வெளிச்சம் பட்ட பழுது. நிறமற்ற கண்ணாடியில் வரும் கிரிஸ்டாலை ஆரஞ்சு நிறத் தாளில் சுற்றி விற்பது இதைத் தடுக்கத்தான். அந்தத் தாளைப் பிரித்துவிட்டு விளக்கின் கீழே அழகுக்காக மணிக்கணக்கில் நிறுத்தி வைப்பது தவறு.

இவையெல்லாம் இல்லாமல் வெறுமனே சுறுசுறுப்பு செத்திருந்தால், அது முந்தைய சுற்றில் திறந்த பாட்டிலின் மிச்சம். கழுத்தைக் கவ்வும் அழுத்த மூடி போட்டுக் குளிரில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். மூடாமல் விட்டால் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். கழுத்தில் கரண்டி செருகி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

20 சென்டிலிட்டர் குட்டி பாட்டில் ஏன் அவ்வளவு நன்றாக இல்லை?

அதற்குள் இரண்டாம் முறை புளிக்கவைப்பது நடப்பதில்லை. பெரிய பாட்டிலில் செய்ததை அழுத்தத்தோடு மாற்றி நிரப்புகிறார்கள். அந்த மாற்றத்தில் கொஞ்சம் உயிர் போகும். உள்ளே இருக்கும் ஒயினின் அளவுக்குக் காற்று படும் விகிதமும் அதிகம், சீக்கிரம் முதிர்ந்துவிடும். புதிதாக இருக்கும்போது குடிக்கலாம், அவ்வளவே.

விமான நிறுவனங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன?

டெண்டர் விட்டு, பெயரை மறைத்துச் சுவைத்துப் பார்த்து. 1985 முதல் பிசினஸ் டிராவலர் இதழ் நடத்தும் 'செல்லர்ஸ் இன் த ஸ்கை' போட்டியிலும் விமான ஒயின்கள் லேபிள் தெரியாமலேயே மதிப்பிடப்படுகின்றன.

ஆனால் சுவைக்கு முன் நிற்பது எண்ணிக்கை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிசினஸ் வகுப்பில் 40 பேர், ஆளுக்கு 100 மில்லி வீதம் இரண்டு கிளாஸ் என்றால் 8 லிட்டர், அதாவது 11 பாட்டில். ஒரு காலி பாட்டிலே 835 கிராம், நிரம்பினால் 1.6 கிலோ. ஒரு பயணத்துக்கு ஷாம்பெயின் மட்டும் ஏறத்தாழ 18 கிலோ. நாளொன்றுக்கு 50 பயணம் என்றால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பாட்டில். இந்த அளவை ஒரே தரத்தில் தொடர்ந்து தரக்கூடியவை பெரிய ஷாம்பெயின் நிறுவனங்கள்தான். சொந்தத் தோட்டத் திராட்சையில் சிறிதளவே செய்யும் விவசாயியின் ஷாம்பெயின் விமானத்தில் அரிதாகவே தென்படுவதன் காரணம் இதுவே, தரக்குறைவு காரணம் இல்லை.

இந்த நெருக்கடியின் இன்னொரு விளைவு, மண்டி நீக்கிச் சில மாதமே ஆன பாட்டில்கள் நேராக விமானத்துக்கு வருவது. நீக்கியபின் குறைந்தது ஆறு மாதம் ஓய்வு கொடுத்தால்தான் டோசாஜ் ஒயினோடு கலந்து அமைதியாகும். வாங்கிச் சொந்தக் கிடங்கில் வைத்துக் காக்கும் நிறுவனத்தின் ஷாம்பெயின் இதனால்தான் மேலாக இருக்கிறது. எமிரேட்ஸ் பிரான்ஸின் புர்கண்டியில் கிடங்கு வைத்துப் பராமரிக்கிறது.

எந்த உணவோடு குடிக்கலாம்?

உப்பும் எண்ணெயும் உள்ளவற்றோடு. வறுத்த முந்திரி, சீஸ், புகையிட்ட மீன், காவியார். உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், உயரத்தில் அது இரட்டிப்பு உதவி. சிப்பியும் ஷாம்பெயினும் ஏன் பொருந்துகின்றன என்பதை 2020இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வு உமாமியைக் கொண்டு விளக்கியது: ஈஸ்ட் தந்த குளுட்டமேட்டும் சிப்பியிலுள்ள நியூக்ளியோடைடு என்ற வேதிப்பொருளும் சேரும்போது அந்தச் சுவை பெருகுகிறது. இனிப்புப் பலகாரத்தோடு பிரூட் வேண்டாம், ஷாம்பெயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும்.

எவ்வளவு குடிக்கலாம்?

எங்கள் பரிந்துரை: இரண்டு கிளாஸ், ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர், தூங்கப் போகும் முன் ஒன்றும் வேண்டாம்.

கடைசிச் சொல் முக்கியம். 2024இல் ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வு, ஆரோக்கியமான இளைஞர்களை மது கொடுத்து, 8,000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் தூங்கவைத்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதம் அளவுக்கு இறங்கியது, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88 ஆக ஏறியது. மது இல்லாமல் அதே அழுத்தத்தில் தூங்கியவர்களுக்கு 88 சதவீதம், துடிப்பு 73. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தூக்க மாத்திரையோடு ஒருபோதும் கூடாது.

பணியாளரிடம் எப்படிக் கேட்பது?

நேராக, பணிவாக. "பாட்டிலைப் பார்க்கலாமா?", "புதிதாகத் திறந்தது இருக்கிறதா?", "வெள்ளை ஒயின் கிளாஸில் தர முடியுமா?" இந்த மூன்று கேள்விக்கும் அவர்கள் பழகியவர்கள். உணவு வண்டி நகரும் நேரத்தில் கேட்காதீர்கள், அதற்கு முன்போ பின்போ கேட்டால் நல்ல கவனிப்பு கிடைக்கும். மெனுவில் இரண்டு ஷாம்பெயின் இருந்தால் இரண்டையும் ஐம்பது மில்லி வீதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிவது, தனித்தனியாகக் குடித்து ஓராண்டிலும் தெரியாது.

பிடித்துப்போனதை வீட்டுக்கு வாங்கிப் போகலாமா?

விமானத்தில் ஊற்றுவதற்கென வைத்திருப்பதைக் கையில் தர மாட்டார்கள். இறங்கும் நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கலாம். இந்தியாவுக்குள் வரும் வயதுவந்த பயணி ஒருவருக்கு 2 லிட்டர் மது வரை அனுமதி, அதாவது இரண்டு 750 மில்லி பாட்டில் தாராளமாக அடங்கும். கடையில் ஜன்னலோரம் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளே அட்டைப்பெட்டியில் இருப்பதைக் கேளுங்கள். வீட்டில் சமையலறை அலமாரியில் வைத்தால் நம் கோடைச் சூட்டுக்கு ஓரிரு மாதத்தில் களைத்துவிடும். வேறு குளிர்ந்த இடம் இல்லையென்றால் ஃபிரிட்ஜின் அடித்தட்டில், கதவில் வைக்காமல், படுக்கவைத்து, சில வாரங்களுக்குள் திறந்துவிடுங்கள்.